பெரிய சக்கரமும் சித்தப்பாவின் கணக்கும்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அது மோட்டார் வண்டிச் சக்கரத்திற்கும் பொருந்தும் என்பதை என் சித்தப்பாவின் வாடகைக் கார் எனக்குக் கற்றுத் தந்தது. அந்தப் பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சித்தப்பாவின் வண்டி கடனில் வாங்கிய ஆல்ட்டோ 800. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஓட்டுவார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் நான் கல்லூரிக்கு வருவதும் அந்தக் கூலியால்தான். எங்கள் ஊர் மண்பாதையில் ஆள் நிறைய ஏறினால் வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடிக்கும். "பெரிய சக்கரம் போட்டால் வண்டி தூக்கி நிற்கும்" என்று ஒரு டயர் கடைக்காரர் சொல்ல, 12 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 13 அங்குலச் சக்கரங்களை மாட்டி வந்தார்.

இரண்டு மாதம் சென்றது. "டேய் தம்பி, பெட்ரோல் நிறையக் குடிக்குது, வருமானம் குறையுது. ஒண்ணும் புரியலைடா" என்றார். நான் தாளும் பென்சிலுமாக வண்டியருகே அமர்ந்தேன்.

பழைய டயரில் 145/80 ஆர் 12 என்று இருந்தது. 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. அதாவது 116 மில்லிமீட்டர். 'ஆர்' என்பது ரேடியல் வகையைக் குறிக்கும். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் முழு விட்டம் 536.8 மில்லிமீட்டர். புதிய டயர் 155/80 ஆர் 13. அதன் விட்டம் 578.2 மில்லிமீட்டர். ஏறத்தாழ 7.7 விழுக்காடு அதிகம்!

இதனால் கிடைத்த இலாபம் என்ன? விட்டம் 41 மில்லிமீட்டர் கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான். அதாவது இரண்டு சென்டிமீட்டர்.

இனி நட்டத்தைப் பார்ப்போம். வண்டியின் மீட்டருக்குச் சாலை தெரியாது. சுழற்சியை எண்ணத்தான் தெரியும். ஒரு கிலோமீட்டருக்குப் பழைய சக்கரம் சுமார் 593 முறை சுழன்றது. புதியது சுமார் 550 முறைதான் சுழல்கிறது. எனவே உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 93 என்றே காட்டும். ஏழு கிலோமீட்டர் கூலி ஒவ்வொரு நூறிலும் போயிற்று! பெட்ரோல் நூறு கிலோமீட்டருக்குச் செலவாக, கணக்கு தொண்ணூற்று மூன்றுக்கு வந்தது. இழுவையும் குறைந்ததால் மேட்டில் கியரைக் குறைத்து ஓட்ட நேர்ந்தது.

பணம் போனால் சம்பாதிக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. மீட்டர் 40 காட்டும்போது வண்டி 43 வேகத்தில் ஓடுகிறது. நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்பது நாம் படித்ததே. அதன்படி அது 16 விழுக்காடு கூடுகிறது. சக்கரத்தின் ஆரம் நீண்டதால், அதே அழுத்தத்தில் மிதித்தால் பிரேக் தரையில் செலுத்தும் விசையும் குறைகிறது. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் குறுக்கே ஓடிய சிறுவனுக்கு ஒரு முழத் தொலைவில் வண்டி நின்றது. அன்று சித்தப்பா இரவு உணவு உண்ணவில்லை. தம் கால்தான் தளர்ந்துவிட்டதென்று நினைத்திருந்தார்.

அப்படியானால் ரிம்மைப் பெரிதாக்கவே கூடாதா? ஆக்கலாம், முழு விட்டம் மாறாதபடி பக்கச்சுவரைக் குறைக்க வேண்டும். 155/65 ஆர் 13 டயரின் விட்டம் 531.7 மில்லிமீட்டர், பழையதற்கும் இதற்கும் ஒரு விழுக்காடே வேறுபாடு. ஆனால் பக்கச்சுவர் தாழ்ந்தால் பள்ளத்தில் ரிம் அடிபடும், வண்டியும் உயராது. அளவுக்குப் பின்னால் உள்ள சுமை எண்ணையும் பார்க்க வேண்டும்: 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும்; 73 என்றால் 365 கிலோ. சக்கரத்தை முழுவதும் திருப்பும்போது மட்கார்டில் உரசாமலும் இருக்க வேண்டும். தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

கணக்கைக் காட்டியதும் சித்தப்பா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் பாதி விலைக்குப் புதியவற்றை விற்றுவிட்டுப் பழைய சக்கரங்களையே மாட்டினார். மண்பாதை வந்தால் இப்போது இரண்டு பேரை இறங்கி நடக்கச் சொல்கிறார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நண்பர்களே, தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் வட்டத்தின் சுற்றளவு ஒரு குடும்பத்தின் வருவாயையும் ஒரு சிறுவனின் உயிரையும் தொட்டு நிற்கிறது. வண்டியில் எதையேனும் மாற்றுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.