அம்பயர் இல்லாத ஆட்டம்: கொடைக்கானலில் ஒரு ரவுண்டு கோல்ஃப்

கொடைக்கானலுக்கு டூர் போகாத ஆள் நம்ம காலேஜ்ல ரொம்பக் கம்மி. ஏரியில போட்டிங், கோக்கர்ஸ் வாக்கில் செல்ஃபி, அப்புறம் வேன் ஏறித் தூண் பாறை. அந்தத் தூண் பாறைக்குப் போற வழியில மரங்களுக்கு நடுவே பச்சையா ஒரு சரிவு தெரியும், கவனிச்சிருக்கீங்களா? "அது கோல்ஃப் கிளப்பு, உள்ள விட மாட்டாங்க"னு சொல்லிட்டு வேன் டிரைவர் அடுத்த வளைவுக்குப் போயிடுவார். நானும் ரெண்டு தடவை அப்படிக் கடந்து போனவன்தான். மூணாவது தடவை உள்ளே போனேன். என் ரூம்மேட்டோட பெரியப்பா அங்கே மெம்பர். அவரோட விருந்தாளியா போனா ஆடலாம்.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல தொடங்கினது. 18 ஹோல், கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். தமிழ்நாட்டுல இருக்கிற நம்மள்ல பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. எனக்கு இந்த ஆட்டத்தோட அறிமுகம் ரெண்டு மாசம் டிரைவிங் ரேஞ்சில் பந்து அடிச்சது மட்டும்தான். அங்கே பாய் விரிச்சு, சமமான தரையில, பந்தை எடுத்து வச்சுக் கொடுப்பாங்க. கோர்ஸ் அப்படி இல்லைங்கறது முதல் பத்து நிமிஷத்துல புரிஞ்சுடுச்சு.

முதல்ல ஆட்டத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். ஒவ்வொரு ஹோலும் ஒரு டீயில தொடங்கி, 108 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஒரு குழியில முடியும். நல்லா ஆடறவர் ஒருத்தர் அதை எத்தனை அடியில முடிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, அதுதான் பார். தூரத்தைப் பொறுத்து பெரும்பாலும் 3, 4 அல்லது 5. கிரிக்கெட்ல எண் ஏற ஏறச் சந்தோஷம், இங்கே இறங்க இறங்கச் சந்தோஷம். பையில அதிகபட்சம் 14 கிளப் வைக்கலாம். நான் கடன் வாங்கின பையில ஏழுதான் இருந்தது. ஏழும் எனக்கு அதிகம்தான்.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வரேன். முதல் டீயில நின்னு தூரத்தைப் பார்த்து ஏழாம் நம்பர் அயர்னை எடுத்தேன். அங்கிள் (மின்வாரியத்துல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர்) தலையை ஆட்டினார். "தம்பி, இது மலை. எட்டு எடுங்க, போதும்." ஏன்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்டாண்டர்டு அட்மாஸ்ஃபியர் கணக்குல 2,100 மீட்டர்ல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய 19 சதவீதம் கம்மி. டிராக் அடர்த்திக்கு நேர்விகிதம், அதனால பந்தை இழுத்துப் பிடிக்கிற விசையும் அதே அளவு குறையும். அப்படின்னா தூரமும் 19 சதவீதம் கூடுமான்னு கேட்டா, கூடாது. பந்து பின்பக்கமா சுழன்றுக்கிட்டே போறதால மேக்னஸ் விளைவுல அதுக்கு ஒரு லிஃப்ட் கிடைக்குது. அந்த லிஃப்டும் அடர்த்தியை நம்பித்தான் இருக்கு. இழுக்கிறவனும் பலவீனம், தூக்கிவிடறவனும் பலவீனம். ரெண்டும் கழிச்சு மிச்சம் கிடைக்கிறது ஒரு கிளப் வித்தியாசம்தான்.

பந்தோட குழிகளைப் பத்தி எல்லாருக்கும் மேலோட்டமா தெரியும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வி அது. ஆனா எண்ணைப் போட்டுப் பார்த்தா இன்னும் அழகு. பந்தோட விட்டம் குறைஞ்சது 42.67 மி.மீ., எடை அதிகபட்சம் 45.93 கிராம். நொடிக்கு 60 மீட்டர் வேகத்துல அது போகுதுன்னா, சமவெளிக் காத்துல ரெனால்ட்ஸ் எண் சுமார் 1.7 லட்சம் வரும். வழுவழுப்பான ஒரு கோளத்துக்கு டிராக் சட்டுனு விழறது ஏறக்குறைய 3 லட்சம் கிட்ட. அதாவது வழுவழு பந்தா இருந்தா நம்ம அடி அந்த எல்லையை எட்டவே எட்டாது. மேலே இருக்கிற முந்நூறு, நானூறு குழிகளும் பவுண்டரி லேயரைக் குழப்பிவிட்டு டர்புலன்ட் ஆக்கிடுது. குழம்பின லேயர் பந்தை விட்டுப் பிரியாம இன்னும் கொஞ்சம் பின்னாடி வரைக்கும் ஒட்டிக்கிட்டுப் போகும். பின்னாடி உருவாகிற வேக் சுருங்கும், டிராக் கிட்டத்தட்டப் பாதியாகும். செமஸ்டருக்காக மனப்பாடம் பண்ணின இந்த வரி, நான் அடிச்ச பந்து ஒண்ணே ஒண்ணு நேரா எழும்பிப் பள்ளத்தாக்குப் பக்கம் மிதந்தப்பதான் எனக்கு உறைச்சுது. மத்த பந்தெல்லாம் பவுண்டரி லேயர் பத்தி யோசிக்கிற உயரத்துக்கே போகலை.

கால் வைக்கிற இடம் எதுவும் சமம் கிடையாது. பந்து உங்க பாதத்தை விட மேலே இருந்தா, வலது கை ஆட்டக்காரருக்கு அது இடது பக்கம் வளையும். கீழே இருந்தா வலது பக்கம். கிரீன்ல இன்னும் மோசம். கண்ணுக்கு மேடா தெரியறது உண்மையில இறக்கமா இருக்கும். எங்களோட வந்த கேடி அண்ணன் ஒவ்வொரு கிரீன்லயும் ஒரே கேள்விதான் கேட்டார்: "மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும் தம்பி?" அதுக்குப் பதில் தெரிஞ்சா பந்து எந்தப் பக்கம் ஓடும்னு தெரியும். காண்டூர் மேப்பெல்லாம் அவருக்குத் தேவையில்லை. அவர் சொன்ன கோட்டுல நான் தட்டின ரெண்டு பந்து குழியில விழுந்துச்சு. நானே பார்த்து முடிவு பண்ணினது எதுவும் விழலை. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் அந்தப் பையைத் தூக்கிட்டு நடக்கிறார், ஒண்ணும் தெரியாத நான் கிளப்பைப் பிடிச்சு நிக்கிறேன். அது எனக்குக் கடைசி வரைக்கும் கூச்சமாத்தான் இருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இந்த ஆட்டத்துல அம்பயர் கிடையாது. பெரிய போட்டிகள்ல ரெஃபரி இருப்பாங்க, ஆனா அங்கேயும் ஒவ்வொரு அடியையும் யாரும் காவல் காக்கிறதில்லை. உங்க கார்டை உங்களோட ஆடறவர் எழுதுவார், அவர் மார்க்கர். ஹோல் முடிஞ்சதும் "எத்தனை?"னு கேட்பார். நீங்க சொல்ற எண்ணை எழுதிப்பார். அவ்வளவுதான்.

ஏழாவது ஹோலோ எட்டாவதோ, என் பந்து புல் உயரமா இருந்த பக்கம் போயிடுச்சு. தேட மூணு நிமிஷம்தான் அனுமதி (2019-க்கு முன்னாடி அஞ்சு). அதுக்குள்ள கிடைக்கலைன்னா ஒரு அடி அபராதத்தோட பழைய இடத்துக்கே போய் மறுபடி அடிக்கணும். அதுக்குள்ள கிடைச்சுடுச்சு. ஆனா பந்தை ஒட்டிக் காய்ஞ்ச காட்டுமாட்டுச் சாணி. ராத்திரி கூட்டமா மேய வருமாம், குளம்புத் தடம் அங்கங்கே இருந்தது. மிருகங்களோட சாணி விதிப்படி "லூஸ் இம்பெடிமென்ட்". உதிர்ந்த இலை, கல், குச்சி மாதிரி அதையும் எடுத்துப் போடலாம், அபராதம் இல்லை. ஆனா எடுக்கும்போது பந்து நகர்ந்தா ஒரு அடி அபராதம், பந்தைப் பழைய இடத்துல திருப்பி வைக்கணும். கிரீனுக்கு விலக்கு உண்டு. இதெல்லாம் முந்தின நாள் ராத்திரி படிச்சு வச்சிருந்தேன்.

சாணியைக் குச்சியால தள்ளினேன். பந்து உருண்டுச்சு. ஒரு ஜாண் தூரம் இருக்கும். பழைய இடத்தை விட வசதியான இடம் வேற.

அங்கிள் நாப்பது அடி தள்ளி முதுகைக் காட்டிட்டு நின்னார். கேடி அண்ணன் மேலே கொடிக்கம்பத்துக்கிட்ட. நான் பந்தைத் திருப்பி வைக்கலை. அப்படியே அடிச்சேன். "எத்தனை?"ன்னார். "எட்டு"ன்னேன்.

பெரிய பாவம் ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் தோணுச்சு. நூறைத் தாண்டப்போற ஸ்கோர்ல ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? லேப்ல சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதி, கிராஃப் நேர்கோட்டுல வர்ற மாதிரி ஒரு புள்ளியை நகர்த்தாதவன் நம்மள்ல யார்? கை பழகின வேலைதான். ஆனா லேப்ல ஸ்டாஃப் ஒருத்தர் சிவப்புப் பேனாவோட இருப்பார், அவர்கிட்ட மாட்டாம தப்பிக்கிறதுலயே ஒரு விளையாட்டு இருக்கு. இங்கே தப்பிக்க ஆள் யாரும் இல்லை. அடுத்த ரெண்டு ஹோல் எப்படி ஆடினேன்னே ஞாபகம் இல்லை.

இதே மாதிரி ஒண்ணு 1925 யூ.எஸ். ஓப்பன்ல நடந்திருக்கு. புல்லுக்குள்ள இருந்த பந்து தன்னால அசைஞ்சுதுன்னு பாபி ஜோன்ஸ் தானே சொல்லி அபராதம் வாங்கிக்கிட்டார். அவரைத் தவிர யாரும் அதைப் பார்க்கலை. கடைசியில ஸ்கோர் சமமாகி, பிளேஆஃப்ல தோத்தார். இன்னொண்ணு 1968 மாஸ்டர்ஸ். அர்ஜென்டினாவோட ரொபர்ட்டோ டி விசென்சோ 17-வது ஹோலை 3 அடியில முடிச்சார். மார்க்கர் தவறி 4-னு எழுதிட்டார். கவனிக்காம கையெழுத்துப் போட்டார் டி விசென்சோ. கையெழுத்துப் போட்ட எண் கூடுதலா இருந்தா அதுவே நிற்கும், குறைவா இருந்தா ஆட்டத்தை விட்டே வெளியே. அந்த ஒரு அடியில பிளேஆஃப் வாய்ப்பு போச்சு. அன்னைக்கு அவருக்குப் பிறந்தநாள் வேற. கோடிப் பேர் டிவியில பார்த்த 3, கார்டுல 4-ஆகவே நின்னுடுச்சு.

பத்தாவது ஹோல் முடிஞ்சதும் அங்கிள்கிட்ட சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். பேனாவை எடுத்துக்கிட்டு, "திருப்பி வச்சு அடிச்சீங்களா, நகர்ந்த இடத்துல இருந்தே அடிச்சீங்களா?"ன்னு மட்டும் கேட்டார். நகர்ந்த இடத்துல இருந்துன்னேன். "அப்ப ஒண்ணு இல்லை, ரெண்டு. தப்பான இடத்துல இருந்து ஆடினதுக்கு ரெண்டு அடி." எட்டை அடிச்சுட்டு பத்துன்னு எழுதினார். அப்பவே சொல்லியிருந்தா ஒண்ணோட போயிருக்கும்.

மிச்ச ஹோல்களுக்கு மேல மூடுபனி இறங்கிடுச்சு. கொடி தெரியாம கேடி அண்ணன் விசிலடிக்கிற பக்கம் பார்த்து அடிச்சோம். கடைசியில 131. கார்டைக் கூட்டிப் பார்த்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

நீங்க போகணும்னு நினைச்சா, தெரிஞ்ச மெம்பர் ஒருத்தர் இருந்தா வேலை சுலபம். காலர் வச்ச டி-ஷர்ட் போடுங்க, ஜீன்ஸ் வேண்டாம். ஸ்வெட்டர் அவசியம். பந்து அரை டஜனாவது எடுத்துட்டுப் போங்க, நான் நாலு தொலைச்சேன். காட்டுமாடு எதிர்ல நின்னா ஆட்டத்தை நிறுத்திட்டு அதுக்கு வழி விடுங்க. விதிப் புத்தகத்தை முந்தின நாள் ஒருதரம் புரட்டிடுங்க, முக்கியமா 9-வது, 15-வது விதி.