பழைய காரின் முகப்பு விளக்கு மங்குவதேன்?

புனே நகரின் வடமேற்கிலுள்ள வாகட், மும்பையையும் பெங்களூருவையும் இணைக்கும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பகுதியாகும். அண்மையிலுள்ள ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியபின், இங்கு இரவிலும் வண்டிப் போக்குவரத்து ஓய்வதில்லை. புதிய கார்களோடு, பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்த கார்களும் இச்சாலையில் ஓடுகின்றன.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் இடரைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு விநாடியாகும் எனக் கொண்டால், உலர்ந்த சாலையிலும் வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும்; மழைக்காலத்தில் இன்னும் மிகுதியாக வேண்டும். விளக்கின் ஒளி அத்தொலைவை எட்டாவிடில், சாலையோரம் நடப்பவரின் உயிருக்கே தீங்கு நேரலாம்.

பழுதின் இருப்பிடம்

விளக்கு மங்கியவுடன் பல்பை மாற்றுவதே பெரும்பாலோரின் வழக்கம். ஆயின், பழைய காரில் பல்பு குற்றமற்றதாயிருக்க, அதற்கு மின்சாரம் வரும் வழியே பழுதுற்றிருத்தல் மிகுதி. பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் உருகி, சாவி, ரிலே, கம்பி இணைப்புகள் ஆகியவற்றைக் கடந்து பல்பை அடைகிறது. பின்னர் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. ஈரத்தால் இணைப்புகளில் களிம்பும் துருவும் ஏறும்போது, அவ்விடங்களில் மின்தடை தோன்றுகிறது.

இரு விளக்குகளும் தாழ்ந்த ஒளியில் எரியும்போது, 55 வாட்டு பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கின்றன. பொதுவான வழியில் 0.2 ஓம் தடை இருப்பின், 1.8 வோல்ட்டு அங்கேயே இழக்கப்படும். ஏறத்தாழ 16 வாட்டு வெப்பம் அச்சிறு இடத்தில் வெளிப்படுவதால், இணைப்பின் பிளாஸ்டிக் உறை உருகுவதும் உண்டு. மேலும், மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்தால், பல்பின் ஒளி ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது வீதம் குறைந்துவிடும். சிறிய இழப்பும் பெரிய குறையாவது இதனாலேயே.

1966-ஆம் ஆண்டு முதல் புனேயில் இயங்கிவரும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம், வண்டி விளக்குகளையும் சோதிக்கிறது. அத்தகைய சோதனைகளில் பல்புக்குக் குறிப்பிட்ட மின்னழுத்தம் அளிக்கப்படும். பழைய காரில் அவ்வழுத்தம் பல்பை எட்டுகிறதா என்பதே நாம் முதலில் அறிய வேண்டுவது.

அளந்தறியும் முறை

எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது பொதுவாக 14 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதைப் பல்பின் நேர்முனையிலும் வைக்க வேண்டும். பின்னர், இரண்டின் எதிர்முனைகளுக்கிடையே அவ்வாறே அளக்க வேண்டும். எப்பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதோ, அப்பக்கத்தில் பழுதுள்ளது. எதிர்முனைப் பக்கத்தில் இழப்பு மிகுந்தால், கம்பி வண்டியின் உடலோடு சேருமிடத்தைச் சுரண்டித் தூய்மைசெய்து இறுக்கினாலே பெரும்பாலும் போதும்.

ரிலேயைச் சீர்செய்தல்

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தை இயக்கும் மின்காந்தச் சாவியாகும். வழக்கமான ரிலேயில் 85, 86 என்ற முனைகள் சுருளுக்கும், 30, 87 என்பவை தொடுமுனைகளுக்கும் உரியவை. 30-க்கும் 87-க்கும் இடையே இழப்பு மிகுந்தால் தொடுமுனைகள் கருகியிருக்கும். ரிலேயை மாற்றுவதே தக்கது.

ரிலே மின்பலகையில் பொருத்தப்பட்டிருப்பின், பற்றாசு இணைப்புகளையும் நோக்க வேண்டும். வெப்பத்தாலும் அதிர்ச்சியாலும் முனையைச் சுற்றி மயிரிழை போன்ற வளைய வெடிப்பு தோன்றும். விளக்கு சில வேளை எரிந்தும் சில வேளை அணைந்தும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே பலகையை வெளியில் எடுக்க வேண்டும். பழைய பற்றாசை நீக்கி, முனையைத் தூய்மை செய்து, புதிய பற்றாசு இடுதல் வேண்டும். பழையதன்மேல் பூசினால் வெடிப்பு மீண்டும் தோன்றும்.

விலக்க வேண்டியவை

ஒளி குறைந்ததென்று 100 வாட்டு பல்பைப் பொருத்தலாகாது. மின்னோட்டம் மிகுந்து கம்பியும் சாவியும் சூடேறும். எதிரே வருவோரின் கண்ணும் கூசும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மிகுதியாகச் சூடேறுவதால் பல்பின் ஆயுள் குறையும்.

இவ்வுண்மையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். டார்ச் விளக்கின் பல்பை இரு மின்கலங்களோடு இணைத்து எரியச் செய்து, பின்னர் இடையில் ஒரு பென்சில் கரித்துண்டைச் சேர்த்தால் ஒளி குன்றும். மின்கலமும் பல்பும் மாறவில்லை, வழிமட்டுமே மாறியது. களப்பணியாளர் தம் வண்டியின் விளக்குகளை மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை அளந்துபார்ப்பின், செலவும் மிஞ்சும். இரவுப் பயணத்தில் இடரும் குறையும்.