ஓங்கிய தைலமரக் காடு

ஆஸ்திரேலிய நாட்டு விக்டோரியா மாநில மலைகளில் ஓங்கி நிற்பது 'மவுண்டன் ஆஷ்' என்னும் மரம். நீலகிரியில் நாம் காணும் தைலமரத்தின் இனமே அஃது. மெல்பேர்னுக்குக் கிழக்கே செர்புரூக் காட்டு நடைபாதைகளில், மரப்பெரணிகளின் நிழலில் செல்வோர், பிற புள்ளின் குரலையெல்லாம் தன்குரலாக்கும் யாழ்ப்பறவையைக் கேட்கலாம்.

நாம் பெரிதும் வியப்பது இம்மரம் தீயோடு கொண்ட உறவையே. தைலமர இனத்துள் பல கருகியும் தளிர்க்கும். இதுவோ கடுந்தீயில் மடியும். ஆயினும் உச்சிக் காய்கள் வெடித்து, விதைகள் சாம்பற்படுகையில் வீழ்ந்து முளைக்கும். 1939ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்த காடுகள் அவ்வாறே மீண்டன. கன்று வளர்ந்து விதை தர ஏறத்தாழ 20 ஆண்டுகள் வேண்டும். அதற்குள் மறுதீ மூளின் விதையுமில்லை, காடுமில்லை. லெட்பீட்டர் பாசம் என்னும் சிறுவிலங்கு உறையும் மரப்பொந்து உருவாகவோ நூறாண்டினும் மிகும். அற்றுப்போயிற்றென்று கருதப்பட்டு 1961இல் மீண்டும் காணப்பெற்ற அவ்வுயிர், 2009ஆம் ஆண்டுத் தீயில் தன் வாழிடத்தைப் பெரிதும் இழந்தது.