மறதி நோய்க்கு எத்தனை கோடு?

கோடிங் என்றதும் சி, ஜாவா போன்ற கம்ப்யூட்டர் மொழிகள்தான் நம் நினைவுக்கு வரும். சென்னையில் ஏராளமான இளைஞர்கள் பார்க்கும் இன்னொரு கோடிங் வேலையும் இருக்கிறது. அதன் பெயர் மெடிக்கல் கோடிங். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோயாளிக்கு இருக்கும் நோய்க்கு உரிய கோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். இந்தக் கோடுகளைச் சரி பார்க்கும் சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கான கோடுகள்.

கோடு எப்படி இருக்கும்?

உலக சுகாதார நிறுவனம் எல்லா நோய்களையும் வகைப்படுத்தி வெளியிடும் பட்டியலுக்கு ஐசிடி என்று பெயர். அதன் பத்தாவது பதிப்பை அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரிவாக்கி, ஐசிடி-10-சிஎம் என்ற பெயரில் 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்துகிறது. சுமார் 70,000 கோடுகள் கொண்ட பட்டியல் இது. ஒவ்வொரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும். மொத்தம் 3 முதல் 7 எழுத்து வரை வரலாம்.

டிமென்ஷியாவுக்கு வரும் முக்கியமான கோடுகளைப் பாருங்கள்.

* எஃப்01 - வாஸ்குலர் டிமென்ஷியா. பக்கவாதம் போன்றவற்றால் மூளையின் ரத்த ஓட்டம் கெட்டு வருவது.
* ஜி30, எஃப்02 - அல்சைமர் நோயால் வரும் டிமென்ஷியா.
* ஜி31.83, எஃப்02 - லூயி பாடி என்ற வகை.
* எஃப்03 - எந்த வகை என்று குறிப்பிடப்படாத டிமென்ஷியா.

அல்சைமருக்கு ஏன் இரண்டு கோடுகள் என்று கேட்கிறீர்களா? மூளையில் இருக்கும் நோய்க்கு ஒரு கோடு, அதனால் வந்த மறதிக்கு இன்னொரு கோடு. காரணம் முதலில், விளைவு பிறகு. எஃப்02 முதலில் வந்தால் எங்கள் சாப்ட்வேர் பிழை என்று காட்டும். எஃப்01 வகையிலும் இப்படித்தான். பழைய பக்கவாதத்தின் பின்விளைவு குறிப்பில் இருந்தால் அதன் கோடு முதலில் வர வேண்டும்.

தேதியும் முக்கியம்

2022 செப்டம்பர் 30 வரை எஃப்01.51 என்பது செல்லுபடியாகும் கோடு. வாஸ்குலர் டிமென்ஷியாவுடன் நடத்தையிலும் மாற்றம் உள்ளது என்று அதற்குப் பொருள். அடுத்த நாளிலிருந்து அது மட்டும் போதாது. கிளர்ச்சியான நடத்தை என்றால் எஃப்01.511 என்று ஆறாவது எழுத்து வரை எழுத வேண்டும். நோயின் தீவிரத்துக்கும் தனி எழுத்துகள் வந்தன. லேசானது ஏ, நடுத்தரம் பி, கடுமை சி. ஆகவே கோடை மட்டும் பார்த்துச் சரியா தவறா என்று சொல்ல முடியாது. சிகிச்சை நடந்த தேதியையும் சேர்த்துத்தான் சாப்ட்வேர் பார்க்கும்.

எக்செலில் செய்து பாருங்கள்

2015க்கு முன் அமெரிக்காவில் இருந்த பழைய பட்டியலில் வாஸ்குலர் டிமென்ஷியாவின் கோடு 290.40. எக்செலைத் திறந்து ஒரு கட்டத்தில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கடைசிப் பூஜ்யம் காணாமல் போய் 290.4 என்று நிற்கும். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கோடிங்கில் 290.4 என்பது அரைகுறைக் கோடு, செல்லாது.

முதலில் அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பார்மேட் செல்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுப் பிறகு டைப் செய்யுங்கள். பூஜ்யம் அப்படியே இருக்கும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எந்த எண்ணையும் டெக்ஸ்ட் ஆக வைப்பதே நல்லது.

சாப்ட்வேரால் முடியாதது

எழுத்து சரியா, வரிசை சரியா, தேதி சரியா என்பதை எல்லாம் கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். ஆனால் டாக்டர் வெறும் "டிமென்ஷியா" என்று மட்டும் எழுதியிருந்தால்? அதே நோயாளிக்குப் பழைய பக்கவாதமும் இருந்தால்? இரண்டையும் சேர்த்து எஃப்01 தானாக விழும்படி ரூல் எழுதிவிடலாமே என்று வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. நாலு வரியில் எழுதிவிடலாம். ஆனால் எழுதக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு அல்சைமரும் வரலாம். எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் பொறுப்பு டாக்டருடையது. கோடர் செய்யக் கூடியது, டாக்டரிடம் விளக்கம் கேட்பது. பதில் வராவிட்டால் எஃப்03 என்றே போட வேண்டும். புறநோயாளிக் குறிப்பில் "இருக்கலாம்" என்று டாக்டர் எழுதியிருந்தாலும் அந்த நோய்க்குக் கோடு போட விதி இடம் தருவதில்லை.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். லூயி பாடி வகை நோயாளிகளுக்கு ஹாலோபெரிடால் போன்ற சில மனநல மருந்துகள் கடுமையான பாதிப்பை உண்டாக்கும். வாஸ்குலர் வகையில் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வைத்து அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கப் பார்க்க வேண்டும். நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போகும்போது, அவரே தன் கதையைச் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார். அவருக்காகப் பேசுவது அந்தப் பதிவுதான். வகை தெரிந்தும் எழுதாமல் விட்டால் அந்த விவரம் அங்கேயே தொலைந்துவிடும்.

நம் வீட்டில்

ஐசிடியின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா இன்னும் அதற்கு மாறவில்லை. இது கம்ப்யூட்டருக்காகவே வடிவமைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இணைய தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேடும் பெட்டியில் வாஸ்குலர் டிமென்ஷியா என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால், மூளை ரத்தக்குழாய் நோயால் வரும் டிமென்ஷியாவின் கோடு 6டி81 கிடைக்கும். அல்சைமருக்கு 6டி80.

உங்கள் வீட்டில் மறதி நோய் உள்ள பெரியவர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் டிமென்ஷியா என்று மட்டும் இருந்தால், "எந்த வகை டாக்டர்?" என்று கேளுங்கள். தெரிந்தால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பரிசோதனை முடியவில்லை என்றால் எப்போது தெரியும் என்று கேட்டு வையுங்கள். தேதி, நோயின் வகை, மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று நான்கு தலைப்பில் ஓர் எக்செல் பைல் தொடங்குங்கள். அதை ஒரு பிரின்ட் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு போகும் பையில் வைத்துவிடுங்கள். அவசரத்தில் யார் அழைத்துப் போனாலும் கையில் இருக்கும்.