திராவிட் மறுத்த பட்டமும் பல்கலைக்கழகம் மறந்த கடனும்

2017 ஜனவரியில் பெங்களூரு பல்கலைக்கழகம் தன் பட்டமளிப்பு விழாவில் ராகுல் திராவிடுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்க முன்வந்தது. திராவிட் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். விளையாட்டுத் துறையில் முறையாக ஆராய்ச்சி செய்து, உழைத்து அந்தப் பட்டத்தைப் பெற விரும்புவதாகத் தெரிவித்தார். அவருடைய தாயார் புஷ்பா, பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்தவர். பட்டத்தின் மதிப்பை நன்கு அறிந்த வீட்டிலிருந்து வந்த மறுப்பு அது.

நாடே அவரைப் பாராட்டியது. ஆனால் அந்த மறுப்பு எழுப்பிய கேள்வி பேசப்படாமலே போய்விட்டது. டாக்டர் பட்டம் ஆராய்ச்சியாளருக்கு உரியது. மைதானத்தில் சாதித்த மாணவனுக்கு என்று ஒரு மரியாதை பல்கலைக்கழகத்திடம் இருக்கிறதா? அவனை உருவாக்கிய பயிற்சியாளருக்கு?

படித்தார்கள், ஆடினார்கள்

கர்நாடகத்தின் கல்லூரிகளிலிருந்து இந்திய அணிக்குப் போனவர்களின் வரிசை நீளமானது. 1991 பிப்ரவரியில் புனேயில் மகாராஷ்டிராவுக்கு எதிராகத் தன் முதல் ரஞ்சி ஆட்டத்தில் 82 ரன் எடுத்தபோது திராவிட் கல்லூரி மாணவர். புனித ஜோசப் வணிகவியல் கல்லூரியில் பி.காம் படித்தவர். 1990இல் இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் ஆடிய அனில் கும்ப்ளே அப்போது ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மாணவர். பந்து வீசிக்கொண்டே படிப்பையும் முடித்தார். பின்னாளில் 619 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் எரபள்ளி பிரசன்னா. 1962 ஜனவரியில் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடி, அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போய்வந்தார். திரும்பி வந்ததும் மைசூரில் பொறியியல் படிப்பை முடிக்க உட்கார்ந்துவிட்டார். மறுபடி டெஸ்ட் ஆடியது 1967இல்தான். இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் ஐந்து ஆண்டுகளை விட்டுக்கொடுத்தார். ஆனாலும் மொத்தம் 49 டெஸ்ட்டுகளில் 189 விக்கெட் எடுத்தார். 1973-74இல் கர்நாடகத்துக்கு முதல் ரஞ்சிக் கோப்பையைப் பெற்றுத் தந்த அணியின் தலைவரும் அவரே. ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

கிரிக்கெட் வீரர்களையாவது ஊர் மறப்பதில்லை. கும்ப்ளேயின் பெயரில் எம்.ஜி. சாலை அருகே ஒரு சந்திப்பே இருக்கிறது. மற்ற விளையாட்டுகளின் நிலை அப்படியில்லை. மாற்றுத்திறனாளி தடகள வீராங்கனை மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொள்ளாவை எடுத்துக்கொள்வோம். குழந்தையாக இருந்தபோதே போலியோ தாக்கியது. சென்னையில் ஆந்திர மகிளா சபாவின் எலும்பு சிகிச்சை மையத்தில் சுமார் 15 ஆண்டுகளைக் கழித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். பிறகு பெங்களூருவில் வங்கிப் பணியில் இருந்துகொண்டே சக்கர நாற்காலியில் உலகப் போட்டிகளுக்குப் போனார். அர்ஜுனா விருதும் 2001இல் பத்மஸ்ரீயும் பெற்றார். இன்று இந்த நகரத்தின் கல்லூரி வளாகங்களில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்?

பங்கு பிரிந்த வீட்டின் ஆல்பம்

மறதிக்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை; நிர்வாக வரலாறும் ஒரு காரணம். 1858இல் தொடங்கிய சென்ட்ரல் கல்லூரி முதலில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோடும், 1916க்குப் பின் மைசூர் பல்கலைக்கழகத்தோடும் இருந்தது. 1964இல் பெங்களூரு பல்கலைக்கழகம் பிறந்தது. 1998இல் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்ததும் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் அதன் கீழ் போயின. 2017இல் பெங்களூரு பல்கலைக்கழகமே மூன்றாகப் பிரிந்தது. சென்ட்ரல் கல்லூரி வளாகம் பிரிந்துபோன புதிய பல்கலைக்கழகங்களில் ஒன்றின் பங்குக்குப் போனது.

அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்துக்கொண்ட வீட்டில் பாத்திரபண்டம் எல்லாம் கணக்காகப் பிரியும். பழைய ஆல்பம் மட்டும் யாரிடமும் இருக்காது. கும்ப்ளே எந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்? படித்த காலத்தில் பெங்களூரு பல்கலைக்கழகத்தின் மாணவர். அந்தக் கல்லூரியோ இன்று வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. அவரைப் போன்றவர்களை எப்படியும் யாராவது நினைவில் வைத்துக்கொள்வார்கள். பல்கலைக்கழக அணிக்காக ஓடி, தாண்டி, நீந்தி, அதற்குமேல் போக வழியில்லாமல் வேலைக்குப் போய்விட்ட நூற்றுக்கணக்கானவர்களை யார் நினைப்பது? அவர்களின் பெயர்கள் பழைய அணிப் பட்டியல்களிலும் ஸ்கோர் புத்தகங்களிலும் மட்டுமே இருக்கும். அந்தக் காகிதங்கள் செல்லரித்துப் போனால் அவர்கள் ஆடியதற்கே சாட்சி இல்லை.

இருபத்துநான்கு ஆண்டுகள் தாமதம்

பயிற்சியாளர்கள் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961இல் தொடங்கியது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது 1985இல்தான் வந்தது. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர். ஓட வைத்தவரையும் கௌரவிக்க வேண்டும் என்று நாடு உணர 24 ஆண்டுகள் ஆயின.

திராவிடை அறியாதவர் இல்லை. சிறுவனாகக் கோடைக்காலப் பயிற்சி முகாமுக்கு வந்த அவருடைய திறமையைக் கண்டு வளர்த்த கேகி தாராபூரின் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். தடகளப் பயிற்சியாளர் என். லிங்கப்பாவுக்குத் துரோணாச்சாரியா விருது கிடைத்தது 2014இல். வாழ்நாளெல்லாம் பெங்களூருவின் ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்தவருக்கு முதிர்ந்த வயதில்தான் அந்த மரியாதை வந்து சேர்ந்தது. நீச்சல் பயிற்சியாளர்கள் நிஹார் அமீன் 2015இலும், எஸ். பிரதீப் குமார் 2016இலும் அதே விருதைப் பெற்றார்கள்.

லிங்கப்பா போன்றவர்களுக்குத் தேசிய விருதாவது கிடைத்தது. கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கு அதுவும் இல்லை. விடியற்காலையில் மைதானத்துக்கு வருபவர், ஸ்பைக்ஸ் வாங்க வசதியில்லாத மாணவனுக்குத் தன் கைக்காசைப் போடுபவர், தேர்வும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தால் முதல்வர் அறைக்கும் துறைத் தலைவர் அறைக்கும் அலைந்து ‘ஆன் டியூட்டி’ அனுமதி வாங்கித் தருபவர் அவர்தான். ஓய்வு பெறும் நாளில் ஒரு சால்வையோடு அவர் கதை முடிந்துவிடுகிறது.

2022 காட்டிய வழி

பல்கலைக்கழகம் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதை பெங்களூரு கண்ணால் பார்த்திருக்கிறது. 2022 ஏப்ரல் 24 முதல் மே 3 வரை கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. போட்டியை நடத்திய ஜெயின் பல்கலைக்கழகமே 20 தங்கம், 7 வெள்ளி, 5 வெண்கலத்தோடு முதலிடம் பெற்றது. நீச்சலில் சிவா ஸ்ரீதர் மட்டும் 7 தங்கம் வென்றார். பிரியா மோகன் 200 மீட்டர் ஓட்டத்தில் நாடறிந்த ஓட்டக்காரர் தூத்தி சந்தையே முந்தினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நீந்திய ஸ்ரீஹரி நட்ராஜும் அந்தப் பல்கலைக்கழகத்துக்காகவே களமிறங்கினார்.

நாளிதழ்களில் இந்தப் பெயர்கள் வந்தன. பிரியாவின் பயிற்சியாளர் அர்ஜுன் அஜய், ஒலிம்பிக்குக்கு ஸ்ரீஹரியைத் தயார்செய்த நிஹார் அமீன் ஆகிய பெயர்கள் பதக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை. பதக்கப் பட்டியலில் அதற்கு இடமும் கிடையாது. அந்த இடத்தைப் பல்கலைக்கழகம்தான் உண்டாக்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. ஒவ்வோர் ஆண்டும் பழைய வீரர்களையும் பயிற்சியாளர்களையும் தேர்ந்தெடுத்து, விழா எடுத்து, தங்கள் கௌரவ மண்டபத்தில் பெயர் சேர்க்கிறார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தடகள மைதானம் அதன் பழைய மாணவர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இது நமக்கு அந்நியமான பழக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. நடுகல் நட்டு வீரனை நினைத்த மண் இது. ‘பெங்களூரு’ என்ற பெயர் காணப்படும் மிகப் பழைய கல்வெட்டே ஒரு வீரக்கல்தான். பேகூர் கோயிலில் இருக்கிறது, காலம் சுமார் கி.பி. 890. இத்தகைய கற்களில் விழுந்த வீரனின் பெயரோடு அவன் யார் பக்கம் நின்று போரிட்டான் என்பதையும் பொறித்தார்கள். தனி ஒருவனின் வீரத்துக்குப் பின்னால் இன்னொருவர் உண்டு என்பதை அந்தச் சிற்பிகள் அறிந்திருந்தார்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் ஆவணம். பிரிந்துபோன பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, 1964 முதலான அணிப் பட்டியல்கள், புகைப்படங்கள், ஸ்கோர் புத்தகங்களைத் திரட்டி ஒரே இடத்தில் காக்க வேண்டும். ஒரு வீரர் படித்த காலத்தில் எந்தப் பல்கலைக்கழகம் இருந்ததோ அதன் மாணவராகவே அவரைக் கொள்ளலாம். வாரிசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாமே அவரைக் கொண்டாடலாம்.

அடுத்தது தேர்வு. இதைத் துணைவேந்தர் அலுவலகத்தின் விருப்பத்துக்கு விடக் கூடாது. முன்னாள் வீரர்கள், பயிற்சியாளர்கள், வரலாற்று ஆசிரியர்கள் கொண்ட குழு வேண்டும். படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் கழிந்த பிறகே ஒருவரைப் பரிசீலிக்க வேண்டும். அன்றைய புகழ் அடங்கிய பின்தான் சாதனை தெளிவாகத் தெரியும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளி வீரர்களுக்கும் உரிய இடம் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். கபடி, கோகோ, பளுதூக்குதல் எதையும் கிரிக்கெட்டுக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. பலகையில் ஒரு வீரரின் பெயர் ஏறும்போது அவரை உருவாக்கிய பயிற்சியாளரின் பெயரும் அதே வரியில், அதே அளவு எழுத்தில் ஏற வேண்டும். விழா மேடையில் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு சுவர், ஒரு குழு, ஆண்டுக்கு ஒரு நாள் போதும்.

இதைப் படிக்கும் நீங்கள் கல்லூரி நாட்களில் ஏதேனும் ஓர் அணியில் ஆடியவராக இருக்கலாம். உங்களை அந்த அணியில் சேர்த்த உடற்கல்வி ஆசிரியரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெயரை, அவர் பணியாற்றிய ஆண்டுகளோடு எழுதி உங்கள் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பழைய அணிப் படம் ஒன்று வீட்டில் இருந்தால் பிரதி எடுத்து அதோடு வையுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.