குமரிக்கண்டம் இருந்ததா? பொம்மையார்பாளையத்துக் கரையிலிருந்து ஒரு பதில்

போன வாரம் நான் பொம்மையார்பாளையத்தில் இருந்தேன். கரையில் நின்ன ஒரு மீனவர் அண்ணன் கடலுக்குள்ள கையைக் காட்டி, "அந்தா, அங்கதான் சின்ன வயசுல வலை காயப் போடுவோம்"னு சொன்னார். அவர் காட்டின இடத்துல அலை அடிச்சிட்டு இருந்துச்சு. உடனே எனக்கு ஞாபகம் வந்தது, நீங்க ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கிற கேள்விதான்: குமரிக்கண்டம் நிஜமா இருந்ததா?

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கணும். நாம ஒரே கதைன்னு நினைக்கிறது உண்மையில ரெண்டு கதை.

முதல் கதை நம்முடையது. பஃறுளி ஆறும் குமரிமலையும் கடலுக்குள் போனதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களையும், கடல் கொண்ட பழைய மதுரையையும், கபாடபுரத்தையும் பேசுகிறது. பிறகு சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், கடலுக்குள் போனது 49 நாடுகள், 700 காவதம்னு கணக்கே கொடுக்கிறார். காவதம்னா சுமார் 10 மைல்னு வச்சுக்கிட்டா, மொத்தம் 7,000 மைல். கன்னியாகுமரியிலிருந்து தென் துருவமே அவ்வளவு தூரம் கிடையாது! அதனால இதை அப்படியே நில அளவையா எடுத்துக்க முடியாது.

ரெண்டாவது கதை லண்டனில் பிறந்தது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளருக்கு ஒரு சந்தேகம். மடகாஸ்கரில் லெமூர்னு ஒரு விலங்கு இருக்கு. அதோட சொந்தக்கார விலங்கு இந்தியாவிலும் இருக்கு. நம்ம காட்டுல இருக்கிற தேவாங்கு அந்தக் குடும்பம்தான். நடுவுல இவ்வளவு பெரிய கடல் இருக்கும்போது இது எப்படி? அப்போ கண்டங்கள் நகரும்னு யாருக்கும் தெரியாது. அதனால, நடுவுல ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கணும்னு ஊகிச்சு, அதுக்கு 'லெமூரியா'ன்னு பேர் வச்சார். அவர் பேசினது விலங்குகளைப் பத்தி மட்டும்தான். தமிழைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

20ஆம் நூற்றாண்டில் தமிழறிஞர்கள் பலர் இந்த ரெண்டு கதையையும் ஒண்ணா முடிச்சுப் போட்டாங்க. அதில் ஒரு நியாயமான வலியும் இருந்தது. தமிழின் பழமையை அப்போ யாரும் பெரிசா மதிக்கலை. கடல் கொண்டுபோன நூல்கள், ஊர்கள் எல்லாத்துக்கும் ஐரோப்பிய விஞ்ஞானமே சாட்சி சொல்ற மாதிரி இருந்துச்சு. ஆனா அந்தச் சாட்சி பிறகு காணாமப் போயிடுச்சு. 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் அது உறுதியானது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, 8 கோடி ஆண்டுகளுக்கும் முன்னாடியே பிரிஞ்சுடுச்சு. அப்போ மனுஷனே கிடையாது. நடுவுல ஒரு கண்டம் மூழ்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்போ 'கடல் கொண்டது' முழுப் பொய்யா? இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னாடி, பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இப்போதையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருக உருக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கரையோரப் பட்டைகள் நீருக்குள் போயின. அது கண்டம் இல்லை, கரை. அந்த நினைவுதான் சங்கப் பாட்டு வரைக்கும் வந்துச்சான்னு நிரூபிக்க முடியாது. ஆனா கடலோரத்தில் வாழ்ற மக்களுக்குக் கடல்கோள் கற்பனை இல்லை. 2004 டிசம்பர் 26ஐ மறக்க முடியுமா?

இப்போ மறுபடி பொம்மையார்பாளையத்துக்கு வருவோம். இந்தக் கடற்கரையில் மணல் சும்மா இருக்காது. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. மணல் தெற்கிலேயே தேங்கிடுச்சு. வடக்கே வர வேண்டிய மணல் வரலை. அலை மட்டும் வந்துச்சு. புதுச்சேரி நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கல் வந்தது. அரிப்பு அப்படியே வடக்கே நகர்ந்து, இந்தக் குப்பங்களைத் தொட்டது. இந்தக் கடல்கோளுக்குக் காரணமும் தெரியும், தேதியும் தெரியும்.

அதே அரியாங்குப்பம் ஆத்தங்கரையில்தான் அரிக்கமேடு இருக்கு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினப்போ ரோமானிய மட்பாண்டங்கள் கிடைச்சுது. இங்கிருந்து வடக்கே போனா, உப்பளங்களுக்கு நடுவுல மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்ற எயிற்பட்டினம் இதுதான்னு அறிஞர்கள் கருதுறாங்க. நம்ம பழமைக்கு மூழ்கின கண்டம் தேவையில்லை. கையால தொட்டுப் பார்க்கிற மாதிரி மண்ணுலயே இருக்கு.

அதனால என் பதில் இதுதான். குமரிக்கண்டம்னு ஒரு கண்டம் இல்லை. ஆனா கடல் ஊரை எடுத்துக்கும்ங்கிறது உண்மை. காணாமப் போன 700 காவதத்துக்காக நாம மணிக்கணக்கா சண்டை போடுறோம். அந்த அண்ணன் வலை காயப் போட்ட இடத்தைப் பத்தி யாரும் பேசலை. அடுத்த முறை ஈசிஆர்ல போகும்போது, வண்டியை நிறுத்தி அங்க இருக்கிற ஒரு பெரியவர்கிட்ட கேளுங்க: "கரை முன்னாடி எது வரைக்கும் இருந்துச்சு?" சொல்றதை எழுதி வச்சுக்குங்க.