மைதானத்தில் விழுந்த பிள்ளையை யாரிடம் காட்டுவது?



முழு ஆண்டு விடுமுறை வந்துவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எங்கும் நம் பிள்ளைகள் அஸர் முதல் மஃரிப் வரை மைதானத்தில்தான் இருக்கிறார்கள். இருக்கட்டும். செல்போனும் கையுமாக மூலையில் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் விழுந்து கை வீங்கினால் நம் வீடுகளில் முதல் வைத்தியம் எண்ணெய் போட்டு நீவுவது. அதில் அடங்காவிட்டால் ஆந்திர எல்லைக்கு அப்பால் புத்தூருக்கு வண்டி பிடிப்பது. புத்தூர்க் கட்டில் குணமான பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. பெரியவர் எலும்பு வேறு, வளரும் பிள்ளையின் எலும்பு வேறு என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எலும்பு மருத்துவர் ஒருவர் நாலரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி, அதன்பின் 3 ஆண்டு எலும்பியல் மேற்படிப்பு என்று கடந்து வருகிறார். அதற்கு மேலும் பிள்ளைகளின் எலும்புக்கென்றே தனிப் பயிற்சி எடுப்பவர்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் இதற்குத் தனிப் பிரிவே இயங்குகிறது. விளையாட்டு மருத்துவத்தில் 3 ஆண்டு எம்.டி. படிப்பும் நம் நாட்டில் இருக்கிறது.

இத்தனை ஆண்டு படித்து அப்படி என்ன கற்கிறார்கள்? பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், மூட்டுக்கு அருகே, வளர்ச்சித் தட்டு என்ற மிருதுவான குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14, 15 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும் அது எலும்பாக மாறி மூடிக்கொள்ளும். அதுவரை மூட்டுப் பக்கத்தில் பலவீனமான இடம் அதுவே. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அடி, பிள்ளைக்கு அந்தத் தட்டில் முறிவாக இருக்கலாம். கனடாவின் டொரண்டோ நகர மருத்துவர்களான சால்டரும் ஹாரிஸும் 1963-ல் இந்த முறிவுகளை 5 வகையாகப் பிரித்தார்கள். இன்றும் எலும்பியல் மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். தட்டு நசுங்கினால் கை கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும்.

இதில் ஒரு சிக்கல். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. முழங்கையில் மட்டும் 6 இடங்களில், ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில், ஒன்றன்பின் ஒன்றாக எலும்பு தோன்றும். இந்த வரிசையை மனப்பாடமாக அறிந்தவருக்குத்தான் படத்தில் தெரியும் துண்டு உடைந்ததா, இயல்பாக வளர்ந்ததா என்று புரியும். சந்தேகம் வந்தால் அடிபடாத கையையும் படம் எடுத்து ஒப்பிடுவார்கள். "நல்ல கைக்கு எதற்கு எக்ஸ்ரே? காசு பிடுங்கவா?" என்று கோபப்பட வேண்டாம்.

பிள்ளை முழங்கால் வலி என்றால் இடுப்பையும் சோதிக்க வேண்டும் என்பது பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம். பருமனான வளரிளம் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பில் நழுவும்போது, வலி முழங்காலில் தெரியும். நாம் முழங்காலை நீவிக்கொண்டிருப்போம், இடுப்பு கெட்டுக்கொண்டிருக்கும். வேகப்பந்து வீசும் பையனுக்கு வாரக்கணக்கில் இடுப்புக்கு மேல் முதுகுவலி இருந்தால், அது முதுகெலும்பில் விழுந்த நுண்விரிசலாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது இறுகிய கட்டு. ஈரத்தோலை இழுத்துக் கட்டிக் காயவிட்டால் எப்படி இறுகும் என்று டேனரியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். முழங்கைக்கு மேல் முறிந்து கை வீங்கிக்கொண்டே போகும்போது, மேலே போட்ட கட்டு விரிந்து கொடுக்காது. உள்ளே இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். விரல்கள் மடங்கி, கை சுருங்கிப் போகும் இந்த நிலையை 1881-லேயே ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் விவரித்திருக்கிறார். ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் இதே கேட்டைச் செய்யலாம். அதனால்தான் வீக்கம் இருக்கும்போது முழுக்கட்டுப் போடாமல் அரைக்கட்டுப் போட்டு, மறுபடி வந்து காட்டச் சொல்கிறார்கள். யார் போட்ட கட்டானாலும் வலி கூடிக்கொண்டே போனால், விரலை நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால், விரல் மரத்தால், வெளுத்தால், சில்லிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மருத்துவம் செய்துகொள்வதை நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மருத்துவம் அறியாதவர் சிகிச்சை செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பதும் ஹதீஸில் வந்துள்ள சட்டம். நீவிவிடும் நம் பெரியவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

எலும்பு கூடியதோடு வைத்தியம் முடிவதில்லை. சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறையை வளர்த்தார். அந்தத் துறையும் பிசியோதெரபியும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நாமோ கட்டு அவிழ்த்த மறுநாளே பிள்ளையின் கையில் மட்டையைக் கொடுத்துவிடுகிறோம்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எலும்புப் பிரிவு உண்டு. போகும்போது பழைய எக்ஸ்ரேக்களையும் முதல்வர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். "வளர்ச்சித் தட்டில் அடி உண்டா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். உண்டு என்றால் 6 மாதம், ஓராண்டு கழித்தும் வரச் சொல்வார்கள். எலும்பின் வளர்ச்சி நின்றுவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும். ஷூ கம்பெனியில் ஒருநாள் கூலியும் பஸ் செலவும் போகிறதே என்று பல தாய்மார்கள் அந்தத் தேதியைத் தவறவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டுடன் நம் அலுவலகத்துக்கு வரலாம். பயணச் செலவை பைத்துல்மாலிலிருந்து தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.